பழைய குடிநீர்க் குழாயை மாற்ற அரசு நிதி பெறுவது எப்படி: நெல்லைச் சீமையின் தெருக்களுக்கும் ஊர்களுக்கும் ஒரு வழிகாட்டி

காலையில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் ஐந்து நிமிடம் வருவதைக் குடத்தில் பிடிக்காமல் வாறுகாலில் விடுவது, நம் பகுதியின் பழைய தெருக்களில் குடியிருக்கும் பலருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. தாமிரபரணியின் உறைகிணறுகளிலிருந்து நல்ல தண்ணீராகக் கிளம்பி, குளோரின் கலக்கப்பட்டு, மேல்நிலைத் தொட்டி வரை சுத்தமாகவே வந்து சேரும் நீர், கடைசி அரைக் கிலோமீட்டரில், அதாவது நம் தெருவுக்கு அடியில் கிடக்கும் பழைய குழாயில்தான் கெடுகிறது. நாள் முழுவதும் தண்ணீர் ஓடாத குழாய் இது. திறப்பு நின்றவுடன் குழாயில் எஞ்சியிருக்கும் நீர் தாழ்வான வீடுகளின் பக்கம் வடிகிறது. அப்படி வடியும்போது மேட்டுப் பகுதியில் குழாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகிறது. அந்த இடத்தில் துருப்பிடித்த ஓட்டையும், அதற்கு மேலே வாறுகாலும் இருந்துவிட்டால், கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுவதை எந்தத் தொட்டிச் சுத்தமும் தடுக்க முடியாது.

பேரூராட்சி ஒன்றின் குடிநீர்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், மக்கள் கொண்டுவந்து தரும் மனுக்களை நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை ‘குழாய் உடைந்துள்ளது, சரிசெய்து தர வேண்டுகிறோம்’ என்றே முடியும். அலுவலகம் அதை ஒரு கசிவுப் புகாராகப் பதிவு செய்யும். ஃபிட்டர் வந்து ஒரு கிளாம்ப் போட்டு மூடுவார். மனு முடித்துவைக்கப்படும். அடுத்த மாதம் பத்தடி தள்ளி இன்னோர் இடத்தில் உடையும். கேட்டது பழுதுநீக்கம், கிடைத்ததும் பழுதுநீக்கம் என்பதால் இதில் யார்மீதும் முழுக் குற்றம் சொல்வதற்கில்லை. குழாயை முழுவதுமாக மாற்ற வேண்டுமானால், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை, எத்தனை மீட்டர், என்ன விட்டம், எத்தனை வீட்டிணைப்பு என்று சொல்லக்கூடிய ஒரு மதிப்பீடு இருக்க வேண்டும். அரசு நிதி, அது எந்தத் தலைப்பிலிருந்து வந்தாலும், மதிப்பீட்டுக்கே ஒதுக்கப்படும். புகாரை மதிப்பீடாக மாற்றும் வேலையில் மக்கள் செய்யக்கூடிய பங்கு என்ன என்பதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், குழாய் யாருடையது

இதைத் தெரிந்துகொள்ளாமல் அலைந்தவர்கள் ஏராளம். தாமிரபரணியை நம்பியிருக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில், ஆற்றின் உறைகிணறு தொடங்கி ஊரின் தரைமட்டத் தொட்டி வரையிலான பெரிய குழாய் பெரும்பாலும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பராமரிப்பில் இருக்கும். அந்தத் தொட்டிக்குப் பிறகு தெருத்தெருவாகப் பிரியும் பகிர்மானக் குழாய் உள்ளாட்சியின் பொறுப்பு. திருநெல்வேலி மாநகராட்சிக்குள் என்றால், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகிய நான்கு மண்டலங்களில் உங்கள் தெரு எதில் அடங்குகிறதோ அந்த மண்டலத்தின் உதவிப் பொறியாளரைப் பார்க்க வேண்டும். பத்தமடை, முக்கூடல், ஏர்வாடி, திசையன்விளை போன்ற பேரூராட்சிகளில் செயல் அலுவலர். கிராம ஊராட்சியில் ஊராட்சித் தலைவரும் ஊராட்சிச் செயலரும், அவர்களுக்கு மேலே ஒன்றியத்தில் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒன்றியப் பொறியாளரும்.

சாலை யாருடையது என்பது தனிக் கேள்வி. குழாய் உள்ளாட்சியுடையதாக இருந்தாலும் அது கிடக்கும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அப்போது சாலையை வெட்ட அத்துறையின் அனுமதியும், வெட்டிய இடத்தைச் சீரமைக்கும் கட்டணமும் தேவைப்படும். ரயில் பாதையைக் கடக்க வேண்டியிருந்தால் அதற்கெனத் தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்குக் கூடுதல் காலமும் ஆகும். இவற்றை மதிப்பீட்டுக் கட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளாத திட்டங்கள், பணம் வந்த பிறகும் குழாய்கள் தெருவோரத்தில் அடுக்கிக் கிடக்க, வேலை தொடங்காமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆதாரம் சேர்த்தல்

இந்த வேலைக்கு அதிக நாள் ஒதுக்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன. ஒரு நீள நோட்டு வாங்கி, தெருவில் நான்கைந்து வீடுகள் பொறுப்பெடுத்துக்கொண்டு, குறைந்தது மூன்று மாதத்துக்கு எழுதி வாருங்கள். தண்ணீர் திறந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் வந்தது, தெருவின் தலைப்பகுதியில் ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி, கடைசி வீட்டில் எத்தனை விநாடி, நிறமோ நாற்றமோ இருந்ததா, எந்த வீட்டு வாசலுக்கு எதிரே கசிவு, அதைச் சரிசெய்ய யாரேனும் வந்தார்களா என்பவை போதும். ஒரே தெருவில் மூன்று மாதத்தில் ஏழு இடத்தில் உடைந்தது என்று தேதியோடு காட்டும் ஒரு பக்கம், நூறு கையெழுத்துப் போட்ட மனுவைவிடப் பொறியாளருக்கு உதவியானது. அந்தப் பக்கத்தை அவர் தன் குறிப்புடன் அப்படியே மேலே அனுப்ப முடியும்.

அடுத்து, உங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணாச்சியிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எது முழுவதும் மூடாது, எந்தத் தெருவின் குழாய் எந்தத் தெருவுடன் இணைகிறது என்ற வரைபடம் பல உள்ளாட்சிகளில் காகிதத்தில் இல்லாமல் இவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் தெருவை வரைந்து வால்வுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பணி ஓய்வு பெற்றுப்போனவர் இருந்தால் அவரையும் தேடிப் பிடியுங்கள். குழாய் எந்தக் காலத்தில் பதிக்கப்பட்டது என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

குழாய் என்ன வகை என்பதைக் கசிவுக்காகப் பள்ளம் தோண்டும் நாளில் கண்டறியலாம். ஒரு சிறு காந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒட்டினால் வார்ப்பிரும்பு அல்லது ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஒட்டாமல், சாம்பல் நிறத்தில் சிமெண்டு போல இருந்தால் ஏ.சி. குழாய், அதாவது கல்நார் சிமெண்டுக் குழாய். அதை மட்டும் இயந்திரத்தால் உலர்வாக அறுக்கவோ உடைத்துத் துண்டாக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. பழைய ஏ.சி. குழாயை மண்ணுக்குள்ளேயே கைவிட்டுவிட்டு, பக்கத்தில் புதிய குழாய் பதிப்பதே நல்லது. இரும்புக் குழாயில் வெட்டி எடுத்த துண்டு கிடைத்தால் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அங்குலக் குழாயின் உட்புறம் துருப்புற்றும் சுண்ணாம்பும் படிந்து இரண்டு அங்குலமாகக் குறுகியிருந்தால், அதே அழுத்தத்தில் அது கொண்டுபோகும் நீர் பாதியாக அன்று, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் மோட்டாரின் திறனைக் கூட்டச் சொல்வார்கள். அந்தத் துண்டை மேசைமேல் வைத்தால் பேச்சு மாறும். மோட்டாரைப் பெரிதாக்கினால் பழைய குழாய் இன்னும் வேகமாக உடையும்.

மண்ணையும் குறிப்பிடுங்கள். மானூர்ப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதால் குழாயின் மூட்டுகளை அசைத்துவிடும். இது கசிவுக்கான காரணமாக மதிப்பீட்டில் எழுதத்தக்கது, குழாயைச் சுற்றி மணல் படுகை போடுவதற்கான செலவை நியாயப்படுத்தவும் உதவும்.

கசிவின் அளவைக் கணக்கிட ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். கசியும் நீரை ஒரு குழியில் ஒதுக்கிப் பிடித்து, ஒரு லிட்டர் சேர எத்தனை விநாடி என்று பாருங்கள். பத்து விநாடிக்கு ஒரு லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர், மணிக்கு 360 லிட்டர். நாள் முழுதும் நீர் ஓடும் பெரிய குழாயில் அது 8,640 லிட்டர் ஆகிறது. நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற மத்திய அரசின் அளவுகோலின்படி இது 64 பேரின் ஒருநாள் தண்ணீர். கிராமத்தில் ஜல் ஜீவன் திட்டத்தின் 55 லிட்டர் கணக்கில் 157 பேருடையது. ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் நீர் ஓடும் தெருக் குழாய் என்றால் 720 லிட்டர்தான், அதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். மிகைப்படுத்திய ஓர் எண் கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற எல்லா எண்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

தண்ணீரின் தரத்துக்குக் குளோரின் சோதனை செய்யுங்கள். குடிநீர்த் தர நிர்ணயப்படி எஞ்சிய குளோரின், அதாவது வீட்டுக் குழாய்க்கு வந்த பிறகும் நீரில் மிச்சமிருக்கும் குளோரின், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். ஊராட்சிகளிடம் இதற்கான சோதனைப் பெட்டி உண்டு. தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் குளோரின் காட்டி, கடைசி வீட்டில் காட்டாவிட்டால் இடைப்பட்ட குழாய் சந்தேகத்துக்குரியது. அந்தக் கடைசி வீட்டு நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கொடுத்து, முடிவை எழுத்தில் வாங்குங்கள். மாதிரியை ஆய்வகம் தரும் தூய்மைப்படுத்திய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். வீட்டுப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனால் முடிவு செல்லாது.

ஆபத்தை அளந்து காட்டுபவருக்கு முதலில் பணம் என்பது எங்கும் உள்ள நடைமுறைதான். அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம், நகராட்சிகளும் சமூகங்களும் தாமே நடத்தும் எரிவாயு வழங்கல் அமைப்புகளின் பழைய குழாய்களை மாற்றுவதற்கு ஆண்டுக்கு 20 கோடி டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. இலாபத்துக்காக நடத்தும் நிறுவனங்களுக்கு அதில் இடமில்லை. விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கச் சட்டம் சொன்ன அளவுகோல்களில், இருக்கும் குழாயின் ஆபத்து நிலையும், அதில் கசியக்கூடிய குழாய் இருக்கிறதா என்பதும், பின்தங்கிய சமூகங்களுக்குக் கிடைக்கும் பயனும் இடம்பெற்றிருந்தன. அங்கே ஓடுவது எரிவாயு, இங்கே குடிநீர். ஆனாலும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டியவை இவையேதான்: எவ்வளவு பழையது, எவ்வளவு கசிகிறது, யாருக்குக் கேடு.

எந்தப் பணப்பெட்டியைத் தட்டுவது

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பராமரிப்பு என்பது உள்ளாட்சியின் வருவாய்ச் செலவு. அதற்கான பணம் மின்கட்டணத்துக்கும் சம்பளத்துக்குமே தள்ளாடும். புதிய குழாய் பதித்தல் என்பது மூலதனப் பணி. மானியங்களும் தொகுதி நிதிகளும் நிலையான சொத்தை உருவாக்கும் இத்தகைய பணிகளுக்கே முதன்மையாக இருக்கின்றன. ஆகவே உங்கள் கோரிக்கையில் ‘பழுதுநீக்கம்’, ‘சீரமைப்பு’ என்ற சொற்களை விட்டுவிட்டு, ‘பழைய பகிர்மானக் குழாய்க்கு மாற்றாகப் புதிய குழாய் பதித்தல்’ என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான்.

நகர்ப்புறத்துக்கு முதன்மையானது, நகரங்களின் குடிநீர் போன்ற கட்டமைப்புக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டம். 2015 ஜூனில் தொடங்கிய முதல் திட்டத்தில் திருநெல்வேலி இடம்பெற்றிருந்தது. 2021 அக்டோபர் 1-இல் தொடங்கிய அம்ருத் 2.0, பேரூராட்சிகள் உட்பட எல்லாச் சட்டப்பூர்வ நகரங்களையும் குடிநீருக்குச் சேர்த்துக்கொண்டது. ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள ஊர்களுக்கு மத்திய அரசின் பங்கு பாதி. ஒன்று முதல் பத்து லட்சம் வரையுள்ளவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 4.74 லட்சம் மக்கள் கொண்ட திருநெல்வேலி மாநகராட்சி இந்த இரண்டாவது வகையில் வரும். மீதியை மாநில அரசும் உள்ளாட்சியும் போட வேண்டும். கணக்கில் வராத நீரை, அதாவது கசிவு போன்றவற்றால் வீணாகும் நீரை, 20 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது இத்திட்டத்தின் குறிக்கோள்களில் ஒன்று. உங்கள் கசிவுக் கணக்கு நேராகப் போய்ப் பொருந்தும் இடம் அதுவே. ஆனால் அம்ருத் ஒரு தெருவுக்காக வராது, ஊர் முழுவதற்குமான திட்டமாகத்தான் வரும். அப்படி ஒரு திட்ட அறிக்கை தயாராகும்போது உங்கள் தெருவின் பெயர் அதில் இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி. முதல் திட்டத்தின் காலத்தில் மாநகராட்சிக்காக அரியநாயகிபுரத்திலிருந்து புதிய குடிநீர்த் திட்டம் வந்ததை நினைத்துப் பாருங்கள். ஆற்றிலிருந்து எவ்வளவு நீர் வந்தாலும், அதை வாங்கிக்கொள்ளும் தெருக் குழாய் பழையதாகவே இருந்தால் பயன் வாசலுக்கு வராது என்று வார்டு உறுப்பினரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கிராமங்களுக்கு 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம். புதிய இணைப்பு தருவதற்கு மட்டுமே அது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள பழைய திட்டங்களை அளவுகோலுக்கு ஏற்பப் புதுப்பிப்பதும் அதில் அடங்கும். தமிழ்நாட்டில் மத்திய, மாநிலப் பங்கு பாதிக்குப் பாதி. ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் செலவில் மக்கள் பங்களிப்பு பொதுவாக 10 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஊர்களிலும் மலைப்பகுதிகளிலும் 5 விழுக்காடு. அதைப் பணமாகவோ உழைப்பாகவோ தரலாம்.

தெரு அளவிலான சிறு பணிக்கு விரைவாகக் கிடைக்கக்கூடியது நிதிக்குழு மானியம், அதாவது மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வரும் பணம். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழுக் காலத்தில், ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காடு குறிப்பிட்ட பணிகளுக்கென்று கட்டப்பட்டது. அதில் பாதி குடிநீருக்கும் பாதி சுகாதாரத்துக்கும் உரியது. 2026 ஏப்ரல் முதல் 16-ஆவது நிதிக்குழுவின் காலம். ஆகவே உங்கள் ஊராட்சிக்கு இந்த ஆண்டு குடிநீர்த் தலைப்பில் எவ்வளவு வந்தது, எந்தப் பணிக்குப் போனது என்ற ஒரே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலே அடுத்த கிராம சபைக்கு உங்கள் பேச்சின் தொடக்கம்.

தொகுதி நிதிகளைப் பொறுத்தவரை, சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாயும் உண்டு. குடிநீர்ப் பணி இரண்டிலும் ஏற்கப்படும். உறுப்பினர் பரிந்துரைப்பார், அனுமதி மாவட்ட ஆட்சியரிடமிருந்து வரும். மதிப்பீடு இல்லாமல் அவரிடம் போனால் ‘பார்க்கலாம்’ என்ற பதிலே கிடைக்கும். மதிப்பீட்டின் நகலோடு போனால் கடிதத்தில் எழுத ஒரு தொகை இருக்கும். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். வெளியூரில், வளைகுடாவில் பிள்ளைகள் சம்பாதிக்கும் தெருக்களுக்கு இது நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் கூலிவேலை செய்பவர்கள் வாழும் தெருவைப் பார்த்து, நீங்களும் மூன்றில் ஒரு பங்கு கொண்டுவாருங்கள் என்று சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. அங்கே நிதிக்குழு மானியத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெள்ளத்தில் போன குழாய்க்கு வழி வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஆற்றுக்குள் இருந்த உறைகிணறுகளும் குழாய்களும் சேதமடைந்ததை நாம் கண்டோம். குடிநீர்க் கட்டமைப்பின் வெள்ளச் சேதத்தைச் சரிசெய்ய மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் இடமுண்டு. சேதத்தை உடனே படம் எடுத்து, தேதியோடு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அது வெள்ளச் சேதமா, பழைய பழுதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மதிப்பீட்டில் இருக்க வேண்டியவை

மதிப்பீட்டைத் தயாரிப்பது பொறியாளரின் வேலை. அரசின் விலைவிகிதப் பட்டியலின்படி அவர் போடுவார். அவர் தெருவை அளக்க வரும் நாளில் நீங்களும் கூடவே நடந்து, சில பொருள்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வீட்டிணைப்பு. எங்கள் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் பிரதான குழாயைப் புதிதாகப் பதித்தார்கள். ஆனால் அதிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் பழைய ஜி.ஐ. குழாய்களை அப்படியே எடுத்து இணைத்துவிட்டார்கள். வாறுகாலைக் குறுக்கே கடந்து வீட்டுக்குள் நுழைவது அந்தச் சிறு குழாய்தான். துருப்பிடித்து ஓட்டையாகியிருந்ததும் அதுவே. சில மாதத்தில் பழைய நாற்றம் திரும்பிவந்தது. சாலையும் போட்டு முடித்திருந்ததால் மீண்டும் வெட்டவும் வழியில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டிணைப்பும் பிரதான குழாயிலிருந்து வீட்டு மீட்டர் அல்லது முதல் குழாய் வரை புதிதாக மாற்றப்பட வேண்டும் என்பதையும், வாறுகாலைக் கடக்கும் இடத்தில் அதற்கு மேலாகவோ உறைக்குழாய்க்குள்ளோ செல்ல வேண்டும் என்பதையும் மதிப்பீட்டில் தனி வரியாகக் கேளுங்கள்.

அதன்பின், தெருவின் இரு முனையிலும் அடைப்பு வால்வு, மேட்டில் காற்று வால்வு, பள்ளத்தில் கழுவிவிடும் வால்வு, அவற்றுக்கு மூடியுள்ள தொட்டி, பழைய குழாயைத் துண்டித்து முனை அடைத்தல், அழுத்தச் சோதனை, கிருமிநீக்கம், சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய குழாயின் முனையை அடைக்காவிட்டால் இரண்டு குழாயிலும் நீர் ஓடும், கசிவும் தொடரும்.

தெருவில் வேறு தோண்டல் வரப்போகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை, தொலைத்தொடர்பு வடம், வீடுகளுக்கான எரிவாயுக் குழாய் என ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, புதிய குடிநீர்க் குழாயை அடுத்த மாதமே இன்னொருவர் உடைத்துவிட்டுப் போவது நடக்கிறது. தோண்டுபவர்கள் முன்னறிவிப்புத் தருவதற்கென்றே 2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைத் தொடங்கியது. ஒப்பந்ததாரர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று கேட்பதில் தவறில்லை.

தீர்மானமும் அதன் சொற்களும்

மதிப்பீடு தயாரானதும் அதற்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஊராட்சியில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குடிநீர்ப் பொருளை அன்று எடுப்பது எளிது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உள்ளன. அங்கே பேசி, வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் ஏற்ற வேண்டும். கூட்டத்தில் வாயால் சொல்வது பதிவாகாமல் போகலாம். எனவே தீர்மான வரைவை எழுதியே கொண்டுபோங்கள். இப்படி எழுதலாம்:

‘இவ்வூராட்சி, மேலத் தெருவில் பிள்ளையார் கோயில் முதல் ரேஷன் கடை வரை 420 மீட்டர் நீளத்துக்குப் பதிக்கப்பட்டுள்ள பழைய வார்ப்பிரும்புக் குழாய், கடந்த மூன்று மாதங்களில் ஏழு இடங்களில் உடைந்துள்ளதாலும், கடைசி வீட்டு நீரில் எஞ்சிய குளோரின் இல்லை எனச் சோதனையில் தெரியவந்துள்ளதாலும், அதற்கு மாற்றாக 62 வீட்டிணைப்புகளுடன் புதிய குழாய் பதிக்கவும், இதற்கான மதிப்பீட்டை நிதிக்குழு மானியத்தின் குடிநீர்த் தலைப்பின் கீழ் நிர்வாக அனுமதிக்கு அனுப்பவும் இச்சபை தீர்மானிக்கிறது.’

இடம், நீளம், காரணம், இணைப்பு எண்ணிக்கை, நிதித் தலைப்பு என ஐந்தும் இருப்பதைக் கவனியுங்கள். எண்களை உங்கள் தெருவுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறிய பிறகு அதன் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு நகல் கேளுங்கள்.

அதன்பின் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு என்ற வரிசையில் கோப்பு நகரும். ஒப்பந்தப்புள்ளிக்கு 1998-ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். எந்தக் கட்டத்தில் கோப்பு நிற்கிறது என்பதை மாதம் ஒருமுறை நேரில் போய், தீர்மான எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராத நிலையில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம், 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலும் பதியலாம். ஆனால் அப்போதும் ‘குழாய் உடைந்தது’ என்று எழுதாமல், ‘இந்த எண்ணுள்ள தீர்மானத்தின்படியான நிர்வாக அனுமதி நிலுவையில் உள்ளது’ என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் ஃபிட்டரும் கிளாம்பும்தான் வருவார்கள்.

டவுன் ரதவீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் ஆனித் தேரோட்டத்தை ஒட்டிச் சாலையை வெட்ட விடமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் நிற்காது. மாசி முதல் சித்திரை வரையே வேலைக்கு உகந்த காலம். அதற்கேற்பத் தீர்மானத்தை முந்தைய ஆகஸ்டு அல்லது அக்டோபர் கூட்டத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

வேலை நடக்கும்போது

பணி உத்தரவின் நகலில் குழாயின் வகையும் தர எண்ணும் இருக்கும். எச்.டி.பி.இ. எனப்படும் கருப்பு பிளாஸ்டிக் குழாய்க்கு ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 4984, பி.வி.சி.க்கு 4985, டி.ஐ. எனப்படும் நீள்வார்ப்பிரும்புக்கு 8329, ஜி.ஐ.க்கு 1239. இறக்கும்போதே குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பள்ளம் போதுமான ஆழத்தில் இருக்க வேண்டும். வண்டி போகும் தெருவில் குழாயின் தலைக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் மண் இருந்தால்தான் பாரம் தாங்கும். அடியில் கல் இல்லாத மணல் படுகை வேண்டும். இவற்றைக் கேட்பது ஒப்பந்ததாரருடன் சண்டையிடுவது ஆகாது. பள்ளம் மூடிய பிறகு எந்தப் பொறியாளராலும் பார்க்க முடியாததை, மூடுவதற்கு முன் பார்ப்பதுதான் இது.

மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனையை உதவிப் பொறியாளர் முன்னிலையில் நடத்தச் சொல்லுங்கள். அன்று தெருவில் இரண்டு பேர் இருந்து நேரத்தையும் அளவையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வால்வும் மூட்டும் இருக்கும் இடத்தை, பக்கத்து வீட்டுச் சுவரின் மூலையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து படமும் எடுத்து வையுங்கள். முன்பு திறப்பவரின் நினைவில் மட்டுமே இருந்த வரைபடம் இப்படித்தான் காகிதத்துக்கு வரும். அதன் ஒரு பிரதியை அலுவலகக் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கையொப்பம் பெறுங்கள். இன்னொன்று தெருவில் ஒருவரிடம் இருக்கட்டும்.

புதிய குழாயைக் குளோரின் நீரால் நிரப்பி ஊறவைத்து, பின்பு கழுவிவிடும் வால்வு வழியாகத் தெளிவாக வரும் வரை வடித்த பிறகே வீட்டிணைப்புகளைத் திறக்க வேண்டும். அதன் பின்னும், கடைசி வீட்டின் நீரை மறுபடியும் அதே மாவட்ட ஆய்வகத்துக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை குடிப்பதற்கு மட்டும் காய்ச்சிப் பயன்படுத்துங்கள். அந்த இரண்டாவது சோதனைத் தாளை முதல் தாளுக்குப் பக்கத்தில் நோட்டில் ஒட்டி, அடுத்த தெருக்காரர்கள் கேட்டு வரும்போது நோட்டோடு கொடுத்துவிடுங்கள்.